மலிவு பெடல்களில் பழைய ராக் டோன்: ரூ. 34,550 போன வரிசையும், போயிருக்க வேண்டிய வரிசையும்

டிஷ் பெட்டியோடு வந்த அடாப்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதன் செருகுமுனை, எலக்ட்ரிக் கிட்டாருக்குப் புதிதாக வாங்கிய டிலே பெடலின் (காலால் மிதித்தால் எதிரொலி தரும் பெட்டி) ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்ததால் செருகிவிட்டேன். எல்இடி ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைந்தது, லேசாகக் கருகிய வாடை வந்தது, ரூ. 4,100 போய்விட்டது. பெட்டியைப் பிரித்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாரண்டி அட்டையைப் புரட்டினேன்; தவறான அடாப்டரால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கிருஷ்ணகிரியில் பெடலைக் கையில் வைத்து வாசித்துப் பார்க்கவோ, "இந்த அடாப்டர் சரியா அண்ணா?" என்று கேட்கவோ எனக்கு ஆள் இல்லை. எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்த இரண்டு பேரும் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். வீடியோக்களில் எல்லாரும் நாப் திருகும் பாடம் எடுக்கிறார்கள், பிளக் பாயிண்ட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் கரண்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, செருகும் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். ரவுட்டர், டிஷ் பெட்டி, சிசிடிவி என்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் கை தானாகவே ஏமாறும். அடாப்டர் மேல் ஒரு சின்ன வட்டமும் இரு பக்கமும் பிளஸ், மைனஸ் குறியும் அச்சிட்டிருப்பார்கள். நடுப்புள்ளியோடு சேர்ந்த கோடு மைனஸுக்குப் போக வேண்டும். அச்சையும் முழுசாக நம்ப வேண்டாம். ரூ. 300-க்குள் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, சிவப்புக் கம்பியைப் பின்னின் ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். திரையில் "-9" என்று மைனஸோடு வந்தால் பெடலுக்கு ஏற்றது. பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் 9 என்று எழுதியிருந்தாலும் சும்மா அளக்கும்போது 13, 14 காட்டும்; அது வோல்டேஜைக் கட்டுப்படுத்தாத வகை, ஹம்மும் கூடவே வரும், வேண்டாம். மில்லி ஆம்பியர் எண் பெடலுக்குத் தேவையானதைவிட அதிகமாக இருந்தால் ஒன்றும் ஆகாது, பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். மாறக் கூடாதவை வோல்ட்டும் திசையும்தான்.

தெரியாமல் திருப்பிச் செருகிவிட்டீர்கள், பெடல் செத்துவிட்டது என்றால் உடனே குப்பையில் போடாதீர்கள். நிறைய அனலாக் பெடல்களில் கரண்ட் நுழையும் இடத்திலேயே 1என்4001 மாதிரி ஒரு டயோடு காவலுக்கு நிற்கும். திசை மாறி வந்த கரண்டைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அது ஷார்ட் ஆகியிருக்கும். ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். வெள்ளிக்கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வருமாறு சால்டர் வைத்தால் பெடல் எழுந்துவிடும். என் டிலே டிஜிட்டல், அதிலும் 12 வோல்ட் தலைகீழாகப் போனது, உள்ளே சிப்பே போய்விட்டது. பிறகு மாற்று டிலே ஒன்றை ரூ. 3,400-க்கு வாங்கினேன்.

அடுத்த அடி ஸ்பீக்கரில். முதலில் வாங்கிய, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை (ரூ. 3,200) எங்கள் தெரு மைக் செட் அண்ணனின் பாக்ஸில் நேராக மாட்டினேன். கிட்டாருக்கென்று தனி ஆம்ப் என்னிடம் இல்லை, ஸ்பீக்கர் என்றால் ஸ்பீக்கர்தானே என்று நினைத்தேன். முதல் கார்டு அடித்ததுமே அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "தம்பி, தகரத்துல ஆணிய வெச்சு கீறுற மாதிரி இருக்குப்பா" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. பெடல் பழுது என்று நினைத்து திருப்பி அனுப்பும் விண்ணப்பத்தைக்கூட நிரப்பிவிட்டேன்.

காரணம் இதுதான். கிட்டார் ஆம்பில் இருக்கும் 10, 12 இன்ச் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள சத்தத்தை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷன் பெடல் அலையின் தலையை வெட்டும்போது அதற்கு மேலே ஏராளமான கீச்சொலி பிறக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடுவதால்தான் ரெக்கார்டில் நாம் கேட்பது கனமாக, உருண்டையாக இருக்கிறது. மைக் செட் பாக்ஸில் ஹார்ன் இருக்கிறது. பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று செய்த பெட்டி அது, அந்தக் கீச்சையும் ஒன்று விடாமல் வெளியே தள்ளும். மிக்ஸரில் 'ஹை' நாப்பை முழுசாகக் குறைத்தால் தீரும் என்று நினைத்தேன், தீரவில்லை. சின்ன மிக்ஸர்களில் அந்த நாப் பெரும்பாலும் 12,000 ஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது, நமக்குத் தொல்லை தருவது அதற்குக் கீழே 5,000 முதல் 8,000 வரை.

தீர்வு மூன்று. உங்களிடம் கிட்டார் ஆம்ப் இருந்தால், அது 10 வாட் குட்டி ஆம்பாக இருந்தாலும், அதன் கிளீன் (டிஸ்டார்ஷன் இல்லாத) சேனலில் மாட்டுங்கள். ஆம்பைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றி முகம் பார்க்க வையுங்கள். கணுக்காலுக்கு நேராக வாசிக்கிற ஆம்பில் கீச்சு நமக்குக் கேட்காது, அதனால் டிரெபிளைக் கூட்டிக்கொண்டே போவோம், எதிரே உட்கார்ந்தவர் பாவம். ஆம்பே இல்லை, மிக்ஸரும் ஹெட்போனும்தான் என்றால் ஸ்பீக்கரின் குணத்தைப் போலி செய்யும் பெடல் ஒன்று கடைசியில் வேண்டும். ஜோயோ அமெரிக்கன் சவுண்ட், பிரிட்டிஷ் சவுண்ட் வகைப் பெடல்கள் இந்த வேலையைச் செய்கின்றன. முன்னது ஃபெண்டர் ஆம்பின் குணம், பின்னது மார்ஷலின் குணம். நான் பின்னது போன்ற ஒன்றை ரூ. 3,800-க்கு வாங்கினேன், அன்றைக்குத்தான் முதல் முறையாக 'அட, இது ராக் கிட்டார்' என்று தோன்றியது. மூன்றாவது வழி மல்டி எஃபெக்ட்ஸ், பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டி செய்வது. வெறும் ஹெட்போனில் மட்டும் வாசிப்பவர் என்றால் என் வெளிப்படையான கருத்து, தனித்தனிப் பெடலே வேண்டாம். ஸ்பீக்கர் பதிவுக் கோப்புகளை ஏற்றிக்கொள்ளும் நக்ஸ் எம்ஜி-300 மாதிரி ஒன்று, நாலைந்து மலிவுப் பெடல் விலையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். பெடலைக் காலால் மிதித்து நாப்பைக் கையால் திருகும் சுகம் அதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், அந்தச் சுகத்துக்குத்தான் நான் இவ்வளவு அழுதிருக்கிறேன்.

ஸ்பீக்கர் சரியானதும் ஹம் தலைதூக்கியது. கெயினை (சிக்னலைப் பெரிதாக்கும் அளவை) கூட்டினால் தேனீக் கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு ரீங்காரம். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து ரூ. 3,600-க்கு ஒரு நாய்ஸ் கேட். இது சுத்தமாக வீண். கேட் செய்வது ஒன்றே ஒன்று, நீங்கள் வாசிக்காதபோது கதவைச் சாத்தும். வாசிக்கும்போது கதவு திறக்கும், ஹம்மும் ஸ்வரத்தோடு சேர்ந்தே உள்ளே வரும். நீட்டிப் பிடித்த ஸ்வரத்தின் வாலையும் வெட்டிவிடும். ஆறு மாதம் கழித்து ரூ. 1,800-க்கு விற்றேன்.

ஹம் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு ரூபாய் செலவில்லை. முதலில் கிட்டாரின் வால்யூமை பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். சத்தம் நின்றால் கிட்டாரின் பிக்அப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வழியாக வருகிறது. அப்போது கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் குறைந்து இன்னொன்றில் கூடினால் அது சிங்கிள் காயில் பிக்அப்பின் பிறவிக் குணம், டியூப் லைட் சோக்கிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் தள்ளி உட்காருவதுதான் வழி. வால்யூம் பூஜ்யத்திலும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு பெடலாக அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் அமைதியானால் குற்றவாளி கரண்ட். பேட்டரியிலும் இருந்தால் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான் வாங்கிய ஆறு வார்ப்புக் கேபிள்களில் (ரூ. 700) மூன்று ஒரே வருஷத்தில் கொர கொர என்றன, பிளாஸ்டிக்கோடு ஒட்டி வார்த்தவை, பிரித்து சால்டர் வைக்கவும் முடியாது. ஜாக்கும் வயரும் தனியாக வாங்கி நாமே பற்றவைத்தால் அடுத்த முறை அறுந்தாலும் ஐந்து நிமிஷ வேலை.

என் வீட்டில் குற்றவாளி எர்த். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மீட்டரை வைத்தார். கரண்ட் வரும் லைன் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் 230 வந்தது, லைனுக்கும் எர்த்துக்கும் 110 சொச்சம்தான். அதுவும் 230-ஐ ஒட்டி வர வேண்டும். "எர்த்து கம்பி சும்மா பேருக்குத்தான் இருக்கு தம்பி, குழிக்குப் போகவே இல்ல" என்றார். எர்த் அந்தரத்தில் தொங்கும்போது கம்ப்யூட்டர், மிக்ஸர் போன்றவற்றின் பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் பாதி வோல்டேஜை மேல் தகட்டுக்குக் கொண்டுவந்துவிடும். கிட்டார் கம்பியைத் தொட்டால் சுர்ரென்று கடிப்பது அதனால்தான். நம் பக்கத்து மண் கோடையில் கல்லாகக் காய்ந்துவிடுகிறது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு வைத்திருந்தாலும் ஈரம் இல்லாவிட்டால் பயன் குறைவு. வயரை மாற்றி, குழியைத் தோண்டிப் புதுப்பித்து, பங்குனியிலிருந்து ஆடி வரை வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நாய்ஸ் கேட் போட்டும் அடங்காத ஹம்மில் முக்கால்வாசி அந்தக் குழியில் அடங்கியது. இங்கே ஒரு எச்சரிக்கை. ஹம் குறைகிறது என்று சிலர் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள். செய்யவே கூடாது. ஒரு கையில் கிட்டார் கம்பியும் உதட்டுக்கு நேரே மைக்கும் இருக்கும்போது இரண்டின் எர்த்தும் வேறு வேறாக இருந்தால் கரண்ட் உங்கள் வழியாகத்தான் பாயும். மேடை ஏறியதும் டெஸ்டரை மைக்கின் வலையிலும் கிட்டார் ஜாக்கிலும் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் தொடாதீர்கள்.

மிச்சமிருந்த ஹம் இரண்டு வகை. ஒன்று, கரண்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டரில் வரும் 'பர்ர்'. பழைய வகை இன்வெர்ட்டர் சைன் அலைக்குப் பதில் சதுர அலை கொடுக்கும், அதன் கூரான ஓரங்கள் எல்லாம் பெடலில் கேட்கும். அந்த நேரத்துக்குப் பேட்டரி போதும். சாதாரண ஓவர்டிரைவ் பெடல் (மென்மையான டிஸ்டார்ஷன்) 10 மில்லி ஆம்பியருக்குள்தான் தின்னும், ஒரு நல்ல ஆல்கலைன் பேட்டரி பல நாள் தாங்கும். டிஜிட்டல் டிலே அதைப்போல் பல மடங்கு தின்னும், ஒரே சாயங்காலத்தில் பேட்டரி காலி. வாசித்து முடித்ததும் உள்ளே வரும் கேபிளைப் பிடுங்கி வையுங்கள், பேட்டரி போடும் பெடல்களில் அந்த ஜாக்தான் சுவிட்ச். இரண்டாவது வகை, ஒரே அடாப்டரிலிருந்து நாலு பின் பிரியும் வயரில் (அடாப்டரோடு ரூ. 350) எல்லாவற்றையும் மாட்டியதும் வந்த மெல்லிய 'கீ' சத்தம். டிஜிட்டல் டிலேக்குள் ஓடும் கடிகாரத் துடிப்பு, பொதுக் கம்பி வழியாக டிஸ்டார்ஷனுக்குள் புகுந்து பெரிதாகிறது. இதற்குத் தனித்தனியாகப் பிரிந்த அவுட்புட் உள்ள பவர் சப்ளை ஒன்றை ரூ. 3,900-க்கு வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, டிலேக்கு மட்டும் தனி 9 வோல்ட் அடாப்டர் போட்டிருந்தாலே போதும். வாங்கத்தான் வேண்டும் என்றால் பத்து ஓட்டை இருப்பதால் பத்தும் பிரிந்தவை என்று நினைக்காதீர்கள். பெடல் எதையும் மாட்டாமல், பவர் போடாமல், மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, இரண்டு அவுட்புட்களின் ஒரே துருவத்தைத் தொடுங்கள். பீப் அடித்தால் உள்ளே எல்லாம் ஒரே கம்பிதான்.

இதற்கு அப்புறம்தான் பெடல் என்று சொல்லத் தக்க கட்டம். பச்சைப் பெடல், அதாவது ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் மேல் எல்லாருக்கும் ஒரு மயக்கம், எனக்கும் இருந்தது. அதன் பழைய மாடல் ஒன்று பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது என்று 90 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய், பஸ் ஸ்டாண்டிலேயே நின்றபடி ரூ. 6,000 கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் திருகைக் கழற்றிப் பார்த்தால் சர்க்யூட் போர்டில் கம்பெனி பெயரே இல்லை, பெயிண்ட் நகத்தில் உரிந்தது. போலி. விற்றவர் போனை எடுக்கவில்லை. நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை, வீட்டில் விலையைக் குறைத்துச் சொன்னேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டி வாசித்தால் நன்றாகவே இருந்தது! அந்தச் சர்க்யூட்டில் ரகசியம் ஒன்றும் இல்லை. 4558 வகை ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெரிதாக்கும் சிப்) ஒன்று, அதன் பின்னூட்டப் பாதையில் இரண்டு டயோடு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸுக்கு அது கெயினைக் குறைவாகக் கொடுக்கிறது, அதனால் நடு ஒலி முட்டிக்கொண்டு நிற்கிறது. பெரிங்கர் டிஓ800 மாதிரி மலிவுப் பெடல்களிலும் இருப்பது அதே கருத்துதான், பெட்டிதான் பிளாஸ்டிக். ரூ. 2,500 பெறுமானமுள்ள பொருளுக்கு ரூ. 6,000 கொடுத்தேன், அவ்வளவே. பழையது வாங்கும்போது பேட்டரி, கேபிள், ஹெட்போன் ஆம்ப் மூன்றையும் கொண்டுபோங்கள். ஸ்க்ரூடிரைவரால் திறந்து பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இந்தப் பச்சைப் பெடலை நான் மாதக்கணக்கில் தப்பாகவே பயன்படுத்தினேன். டிரைவை முழுசாகத் திருகி இதிலிருந்தே மொத்த டிஸ்டார்ஷனையும் எதிர்பார்த்தேன், மூக்கடைத்த மாதிரி ஒலித்தது. பழைய ஆட்கள் இதை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்புக்கு முன்னால் ஒரு தள்ளுக்காக வைத்தார்கள். நம்மிடம் வால்வ் ஆம்ப் இல்லை, அதனால் மார்ஷல் குணமுள்ள பெடலை ஆம்ப் என்று வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் இதைப் போட வேண்டும். பச்சையில் டிரைவ் 8 மணி (கடிகார முள் கணக்கில் சொல்கிறேன்), லெவல் 3 மணி, டோன் 12. பின்னால் உள்ளதில் டிரைவ் 11, மிட் 1 முதல் 2, லோ 10, ஹை 11. பச்சையை அணைத்தால் ரிதம் (கார்டு வாசிப்பு), மிதித்தால் லீட் (சோலோ). மார்ஷல் வகை ராக்கின் எலும்புக்கூடு இந்த இரண்டு பெடல்தான்.

கெயினைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏசி/டிசி என்ற ராக் பாண்டின் ரெக்கார்டுகளைக் கேட்டால் பயங்கர டிஸ்டார்ஷன் மாதிரி இருக்கிறது. காதைத் தீட்டிக் கேளுங்கள், கார்டின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டு கிட்டார், இரண்டிலும் அளவான கெயின், வலது கையில் பலமான அடி. அந்த பாண்டின் ரிதம் கிட்டாரிஸ்ட் மால்கம் யங் தடித்த கம்பிகளில் இன்னும் குறைந்த கெயினில் வாசித்தவர். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நிறைவாக இருக்கிறது என்று வைத்த கெயினைக் கால் பங்கு குறைத்தால்தான் டிரம்ஸோடு சரியாக இருக்கும். மிட்டும் அப்படியே. ராத்திரி பக்கத்து வீட்டுக்குப் பயந்து சின்னச் சத்தத்தில் வாசிக்கும்போது நம் காதுக்கு பேஸும் டிரெபிளும் குறைவாகக் கேட்கும், அதை ஈடுகட்ட இரண்டையும் கூட்டி மிட்டைக் குறைத்துவிடுவோம். அதே நாப்போடு மண்டபத்தில் வாசித்தால் பேஸ் கிட்டாரும் சிம்பலும் இரண்டு பக்கமும் நம்மை விழுங்கிவிடும். முதல் கச்சேரியில் நான் வாசித்த சோலோ எனக்கே கேட்கவில்லை. சத்தமாக வாசிக்கக் கிடைக்கிற பகல் நேரத்தில் மட்டும் நாப்புகளை முடிவு செய்யுங்கள்.

பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் மாதிரி நீண்டு மிதக்கும் லீடுக்கு பிக் மஃப் வகை ஃபஸ் (இன்னும் முரட்டு டிஸ்டார்ஷன்) வேண்டும். 1970-களின் பிற்பாதியிலிருந்து அவர் கையாண்டது அது. மலிவுப் பிரதிகள் ஏராளம், என்னுடைய ரூ. 3,200 டிஸ்டார்ஷனும் அந்தச் சர்க்யூட்டின் வழிவந்ததுதான். இதன் தொல்லை நடு ஒலியில் உள்ள பள்ளம். தனியாகக் கேட்டால் பிரம்மாண்டம், பாண்டோடு சேர்ந்தால் காணாமல் போகும். மஃப்புக்குப் பின்னால் பச்சைப் பெடலை டிரைவ் பூஜ்யத்தில் வைத்து மாட்டினால் அதன் நடு ஒலி மேடு இந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். மஃப்பின் சஸ்டெய்ன் நாப் 1 மணிக்கு மேல் போக வேண்டாம். அவருக்குப் பின்னால் நின்றவை சத்தமான, சுத்தமான ஹைவாட் ஆம்புகள் என்பதால் இந்த இடத்தில் மட்டும் மார்ஷல் பெடலை ஏறக்குறைய கிளீனாக்கிவிடுங்கள். டிலே 400 முதல் 450 மில்லி செகண்ட், திரும்பி வருவது மூன்று நான்கு முறை, மிக்ஸ் 10 மணிக்குக் கீழே. தாளத்தோடு டிலே உட்கார வேண்டும் என்றால் கணக்கு எளிது, 60,000-ஐ பாட்டின் வேகத்தால் (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) வகுங்கள். 120 வேகத்துக்கு 500 வரும்; துள்ளல் வேண்டுமானால் அதில் முக்கால், 375.

வான் ஹேலன் பாண்டின் 1978 முதல் ஆல்பத்தில் கேட்கும் சுழலுக்கு எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்ற பெடல். ஒரே நாப்தான் என்பதால் மலிவுப் பிரதிகளிலும் கெடுக்க அதிகம் எதுவும் இல்லை. 9 மணியில் வைத்து டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் ஜெட் விமானம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அந்த பாண்டின் எடி வான் ஹேலன் என்ற கிட்டாரிஸ்டுகள் இருவரும் பெரும்பாலும் கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்தவர்கள். அது தெரியாமல் பெடலில் தேடிக்கொண்டிருந்த கனம் பாதி கம்பியின் தளர்வில் இருக்கிறது.

ஹெண்ட்ரிக்ஸ் என்றதும் என் அடுத்த நஷ்டம். 1966-ல் வந்த, அவர் பயன்படுத்திய ஃபஸ் ஃபேஸின் ஆரம்ப காலப் பெடல்களில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அதுதான் உண்மையான ஒலி என்று படித்துவிட்டு ஜெர்மேனியம் பிரதி ஒன்றை ரூ. 5,500-க்கு வாங்கினேன். மார்கழியில் வந்தது, தேன் மாதிரி இருந்தது. சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் அதே பெடல் புர்ர் புர்ரென்று துப்பியது, ஸ்வரம் பாதியில் அறுந்தது. பழுதில்லை. ஜெர்மேனியத்தில் கசியும் கரண்ட் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும், டிரான்சிஸ்டர் தன் சமநிலையிலிருந்து நகர்ந்துவிடும். லண்டன் குளிரில் பிறந்த சர்க்யூட்டை நம்ம ஊர் அக்கினி நட்சத்திரத்தில் வைத்தால் இதுதான் கதி. ஹெண்ட்ரிக்ஸே பின்னாளில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் உள்ளதைத்தான் வைத்திருந்தார். நீங்கள் நேராகச் சிலிக்கானுக்குப் போங்கள். பழைய ஜெர்மேனியம் வடிவமைப்பில் பிளஸ்தான் பொதுக் கம்பி, மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகும் என்பது இன்னொரு தலைவலி. எந்த ஃபஸ் ஃபேஸ் வகையாக இருந்தாலும் கிட்டாருக்கு அடுத்து முதலாவதாக அதுதான் இருக்க வேண்டும். டியூனர் பெடலில் பஃபர் (சிக்னலைத் தாங்கித் தள்ளும் சர்க்யூட்) இருந்தால் அதையும் பின்னால் தள்ளுங்கள், முன்னால் பஃபர் வந்தால் ஃபஸ் கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிடும். ஃபஸ்ஸை முழுசாகத் திறந்துவிட்டு கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6, 7-க்கு இறக்கிப் பாருங்கள், மணி மாதிரி ஒரு கிளீன் வரும். ஹெண்ட்ரிக்ஸ் பாட்டுகளில் ஒரே ஆள் பெடலை மிதிக்காமலே இரண்டு டோன் எடுத்தது இப்படித்தான். ஜெர்மேனியத்தை ஊட்டியில் இருக்கும் ஒருவருக்கு ரூ. 3,500-க்கு விற்றேன். சொல்லித்தான் விற்றேன்.

கூட்டிப் பார்த்ததில் மொத்தம் ரூ. 34,550. அதில் கருகிய டிலே, அடாப்டர் வயர், நாய்ஸ் கேட்டில் போன ரூ. 1,800, ஜெர்மேனியத்தில் போன ரூ. 2,000, கேபிள், போலிப் பெடலுக்குக் கூடுதலாகக் கொடுத்த ரூ. 3,500 எல்லாம் சேர்த்து ரூ. 12,450 தண்ணீரில் போட்டது. எர்த் குழிக்கு ஆன கூலி இதில் இல்லை, அது எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலை. இன்றைக்கு முதலிலிருந்து வாங்கினால் வரிசை இப்படி இருக்கும்: மல்டிமீட்டர், சரியான 9 வோல்ட் அடாப்டர் இரண்டு, ஸ்பீக்கர் குணத்தோடு வரும் மார்ஷல் வகைப் பெடல், பச்சைப் பிரதி. இந்த நாலோடு ஒரு மூன்று மாதம் வாசித்துவிட்டு டிலே, அதற்குப் பிறகுதான் ஃபஸ்.

கச்சேரிக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். மேடையிலிருந்து மிக்ஸர் 20 மீட்டர் தள்ளி இருக்கும். பெடலிலிருந்து சாதா கிட்டார் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் டிரெபிளும் போகும், சீரியல் லைட் இரைச்சலும் ஏறும். பெடலுக்குப் பக்கத்திலேயே ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வைத்து அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்புங்கள், மைக் செட்காரரிடம் முன்னாடியே சொன்னால் அவரே கொண்டு வருவார். செல்போனைப் பெடல் போர்டு மேல் வைக்காதீர்கள், அழைப்பு வருமுன் வரும் 'டிக்கிரி டிக்கிரி' நேராக ஸ்பீக்கரில் கேட்கலாம். மலிவுப் பெடலில் முதலில் போவது ஜாக் நட்டும் கால் சுவிட்சும். நட்டை மாதம் ஒரு முறை கையால் சோதித்து இறுக்குங்கள். திருவிழா மைதானத் தூசியில் நாப் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினால் போதும். நாப்புகள் பையில் உரசித் திரும்பிவிடும் என்பதால் மார்க்கரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நிலைக்கு ஒரு நிறம், மண்டபத்துக்கு இன்னொன்று. என்னுடையதில் வீட்டுக்குப் பச்சை, மண்டபத்துக்குச் சிவப்பு, எல்லாப் பெடலிலும் மிட் நாப்பில் சிவப்புக் கோடுதான் மேலே இருக்கிறது.